மூன்றரை சிசிக்குள் ஒரு தொண்ணூறு வருடம்

மூன்றரை சிசி என்றால் எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டுமா? இருமல் சிரப்போடு வரும் 5 மில்லி மூடியை எடுத்து, முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அவ்வளவுதான். அந்த இடத்துக்குள் ஒரு பிஸ்டன் நிமிடத்துக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் தடவை மேலும் கீழும் போய்வருகிறது. நைட்ரோ மாடல் கார் எஞ்சின் என்பது இதுதான். தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கில் இரண்டு குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. நம் ஊர்ப் பையன்கள் உயிராக நினைத்த யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டிக்கு 98 சிசி, 11 குதிரைத்திறன். சிசிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், இந்தப் பொடியன் ஐந்து மடங்கு.

நான் படித்தது பி.காம். பார்ப்பது பேங்க் உத்தியோகம். எஞ்சினுக்கும் எனக்கும் உள்ள உறவு, வாகனக் கடன் ஃபைலில் சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதோடு சரி. ஆனால் பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, நண்பனிடமிருந்து ஒரு பழைய நைட்ரோ காரை வாங்கிக்கொண்டு வந்து, "அப்பா, எக்ஸாஸ்ட் ஓட்டையை அரத்தால ராவினா ஸ்பீடு ஏறுமாம், ராவட்டுமா?" என்று கேட்டால் எந்த அப்பாவும் கொஞ்சம் படித்துத்தான் ஆக வேண்டும். அகமதாபாத் வெயிலில் சில ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின.

படித்ததில் ஒன்று புரிந்தது. ஒரு எஞ்சினிலிருந்து கூடுதல் சக்தி எடுக்க அடிப்படையில் இரண்டு வழி. ஒன்று, ஊற்றுகிற எரிபொருளைக் காரமாக்குவது. இன்னொன்று, உள்ளே காற்று வந்துபோகும் பாதையைப் புரிந்துகொண்டு திருத்துவது. முதல் வழிக்குக் காசு போதும். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். இந்த இரண்டும் மாறி மாறி ஓடிய ஓட்டம்தான் இந்தக் குட்டி எஞ்சினின் வரலாறு.

கதை 1930களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்குகிறது. பில் பிரவுன் என்ற இளைஞர் 10 சிசியில் ஒரு பெட்ரோல் எஞ்சின் செய்தார். 1933-ல் மாக்ஸ்வெல் பாஸெட் என்பவர் அதைத் தன் மாடல் விமானத்தில் பொருத்தி தேசியப் போட்டிக்குப் போனார். மற்றவர்கள் எல்லாம் ரப்பர் பேண்டை முறுக்கிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த காலம். பாஸெட் பரிசுகளை அள்ளிக்கொண்டு போனார். அதன் பிறகு எஞ்சின் விமானங்களுக்குத் தனிப் பிரிவே ஒதுக்க வேண்டியதாயிற்று. 'பிரவுன் ஜூனியர்' என்ற பெயரில் அந்த எஞ்சின் கடைக்கு வந்தது.

காருக்கு இது வந்தது கலிபோர்னியாவில், 1930களின் கடைசியில். ரேடியோ கண்ட்ரோல் எல்லாம் அப்போது கிடையாது. நடுவில் ஒரு கம்பம், கம்பத்திலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் கார். செக்குமாடு மாதிரி வட்டமடிக்க வேண்டியதுதான். ஆனால் வேகம் செக்குமாட்டு வேகம் இல்லை. டூலிங் சகோதரர்கள் செய்த கார்களும் எஞ்சின்களும் போருக்குப் பிந்தைய வருடங்களில் மணிக்கு 100 மைலைத் தாண்டின. இன்றும் ஐரோப்பாவில் இந்த விளையாட்டு இருக்கிறது. 10 சிசி கார்கள் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகின்றன.

அந்தக் கால எஞ்சின்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. ஸ்பார்க் பிளக் வேண்டும், அதற்குக் காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாம் வேண்டும். இந்தச் சீர்வரிசையின் எடை ஒரு சின்ன எஞ்சினுக்குப் பெரிய பாரம்.

இந்தப் பாரத்தை இறக்கி வைத்தவர் ரே ஆர்டன். 1947-ல் அவர் க்ளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிளக்குக்குள் பிளாட்டினம் கலந்த ஒரு சின்னச் சுருள் கம்பி. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பேட்டரியை வைத்து அதைச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். ஒவ்வொரு வெடிப்பின் சூடும் கம்பியில் மிச்சம் நிற்கிறது. அதோடு, பிளாட்டினத்தின் மேல் பட்ட மெத்தனால் ஆவி அங்கேயே வினைபுரிந்து சூட்டைக் காப்பாற்றுகிறது. அடுத்த தடவை கலவை அழுத்தப்படும்போது தானாகவே பற்றிக்கொள்கிறது. காயிலும் கண்டென்சரும் ஒரே வருடத்தில் பழங்கதை ஆகத் தொடங்கின. கலிபோர்னியாவின் லீராய் காக்ஸ் 0.8 சிசி எஞ்சின்களைப் பள்ளிப் பையன்கள் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தார். வீட்டு மேஜையில் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் ஒரு தலைமுறை உருவானது இப்படித்தான்.

க்ளோ பிளக்குக்குப் பெட்ரோல் ஒத்துவராது, மெத்தனால்தான் வேண்டும். மெத்தனாலில் நன்றாகக் கலக்கும் மசகு எண்ணெய் எது? நம் பாட்டிமார்கள் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்களே, அதே விளக்கெண்ணெய்! முதல் உலகப்போர் விமான எஞ்சின்களிலேயே அதற்கு ராஜமரியாதை. 'காஸ்ட்ரால்' என்ற பெயரே காஸ்டர் ஆயிலிலிருந்து வந்ததுதான். எண்ணெய் பற்றாமல் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறும்போது மற்ற எண்ணெய்கள் கைவிட்டுவிடும். விளக்கெண்ணெய் அந்தச் சூட்டில் கெட்டியாகி ஒரு படலமாக உலோகத்தில் ஒட்டிக்கொண்டு காப்பாற்றும். ஆமணக்கை இங்கே எரண்டா என்கிறார்கள், எண்ணெய்க்கு திவேல் என்று பெயர். உலகத்து ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில் விளைகிறது, இந்தியாவின் பெரும்பங்கு குஜராத்தில். வட குஜராத் வயல்களில் நிற்கும் இந்தச் செடிக்குப் பயிர்க்கடன் கொடுத்தவன் என்ற முறையில், உலகத்தில் எங்கோ ஒரு மாடல் கார் சீறும்போது அதில் எனக்கும் ஒரு துளி பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்கிறேன் :-)

சரி, 'நைட்ரோ' எங்கே வந்தது?

இது எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் இது வரவு செலவுக் கணக்கு. எஞ்சினுக்கு எப்போதும் தட்டுப்பாடு எரிபொருளுக்கு இல்லை, காற்றுக்குத்தான். சிலிண்டர் ஒரு தடவைக்கு இழுக்கும் காற்று இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு சுமார் 6.5 கிலோ. நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7 கிலோ. காரணம், அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வரும் விருந்தாளி மாதிரி. எடைக்கு எடை பார்த்தால் நைட்ரோவில் உள்ள வெப்பம் பெட்ரோலில் கால் பங்குதான். ஆனால் ஒரே அளவு காற்றை வைத்துக்கொண்டு எத்தனை கிலோ எரிக்கலாம் என்று பாருங்கள். அந்தக் கணக்கில் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் கிடைக்கிறது. 1940களின் கடைசியிலும் 1950களிலும் வேகப் போட்டிக்காரர்கள் நைட்ரோவைத் தாராளமாக ஊற்றினார்கள். பாட்டிலை மாற்று, வேகம் ஏறும். வேறு மூளை வேலை வேண்டாம்.

விலை மட்டும் இரண்டு விதமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்று பணம், மெத்தனாலைவிட நைட்ரோ பல மடங்கு விலை. இன்னொன்று பயம். 1958-ல் அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் ஊரிலும், இல்லினாய் மாநிலத்து மவுண்ட் புலாஸ்கியிலும் நைட்ரோமீத்தேன் ஏற்றிய ரயில் டேங்கர்கள் வெடித்தன. அதுவரை அதைச் சாதாரணக் கரைப்பானாக நினைத்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். பின்னாளில் சர்வதேச விமான விளையாட்டுக் கூட்டமைப்பு மாடல் விமான வேகப் போட்டிகளுக்கு ஒரே எரிபொருளைக் கட்டாயமாக்கியது. 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய். நைட்ரோ ஒரு சொட்டுக்கூடக் கூடாது.

எல்லோரும் என்ன நினைத்திருப்பார்கள்? இனி வேகம் குறையும் என்றுதானே? நடந்தது வேறு. அதைச் சொல்ல, கிழக்கு ஜெர்மனிக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

அங்கே சோப்பாவ் என்ற ஊரில் எம்இசட் என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனி. அதில் வால்டர் காடன் என்ற பொறியாளர். பணமும் பொருளும் தட்டுப்பாடான நாடு. காடன் கையில் எடுத்தது சத்தத்தை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வாசல் திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் விரிந்துகொண்டே போனால் அலை திரும்பி வந்து சிலிண்டரை உறிஞ்சும். அதற்கப்பால் குழாய் குறுகினால் இன்னொரு அலை எதிர்த்து வந்து தள்ளும். கூட்டமான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முன்படியில் ஏறுகிற அவசரத்தில் நாலு பேர் பின்படி வழியாகப் பிதுங்கி வெளியே வந்துவிடுகிறார்கள். கண்டக்டர் அவர்களை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளி, விசில் அடித்து, கதவைச் சாத்துகிறார். அந்தத் திரும்பி வரும் அலைதான் கண்டக்டர். எக்ஸாஸ்ட் வழியாக வெளியே ஓடிய புதுக் கலவையை, வாசல் மூடுவதற்குச் சற்று முன் உள்ளே தள்ளிவிடுகிறது. சூப்பர்சார்ஜர் இல்லை, நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை, தகரக் குழாய்தான். 1961-ல் காடனின் 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200!

அதே வருடம் செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பினார். குடும்பத்தையும் ரகசியமாகக் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டார். காடனின் வித்தையோடு அவர் போய்ச் சேர்ந்த இடம் ஜப்பானின் சுசுகி. 1962-ல் 50 சிசி உலகப் பட்டம் டெக்னருக்கும் சுசுகிக்கும். காடன் கடைசிவரை சோப்பாவிலேயே இருந்தார். உலகத்து டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டிகள் எல்லாம் அவர் குழாயை மாட்டிக்கொண்டு ஓடின.

இப்போது 1966, இங்கிலாந்தின் ஸ்விண்டர்பி. மாடல் விமான வேகப் போட்டிக்கான உலக சாம்பியன்ஷிப். நைட்ரோ கிடையாது. அமெரிக்காவின் பில் விஸ்நியூஸ்கி தன் 2.5 சிசி எஞ்சினின் பின்னால் காடன் வகைக் குழாய் ஒன்றைச் சின்னதாகச் செய்து மாட்டிக்கொண்டு வந்தார். ஜெயித்தார். எரிபொருளில் கதவைச் சாத்தியதும் வேகம் குழாய் வழியாக வந்துவிட்டது.

விஸ்நியூஸ்கியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு சங்கதி ஏபிசி. அலுமினியப் பிஸ்டன், பித்தளை உருளை, உள்ளே குரோமியப் பூச்சு. பிஸ்டனுக்கு வளையம் கிடையாது. உருளை மேலே போகப் போக இம்மியளவு குறுகும். குளிர்ந்த எஞ்சினைக் கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிக்கும். சூடேறும்போது பித்தளை விரிந்து சரியான இடைவெளி கிடைக்கும். இதோடு ஜெர்மானியர் அடால்ஃப் ஷ்னூர்லே 1920களில் கண்டுபிடித்த வாயில் அமைப்பும் சேர்ந்தது. புதுக் கலவை பக்கவாட்டிலிருந்து வந்து பின்சுவரில் மோதி மேலே சுழன்று, எரிந்த புகையைத் துரத்தும் ஏற்பாடு. ஜப்பானில் ஓஎஸ், இத்தாலியில் பிரெஸ்சா பக்கத்து ரோஸி சகோதரர்கள் என்று பலரும் இந்த மூன்றையும் மெருகேற்றினார்கள். 1970களில் ரேடியோ கண்ட்ரோல் கார்கள் பரவியபோது விமானத்தில் கற்ற பாடமெல்லாம் 3.5 சிசி கார் எஞ்சினுக்குள் இறங்கியது. கார்க்காரர்களுக்கு நைட்ரோவும் அனுமதி. இரண்டு வழியும் ஒரே எஞ்சினில் சந்தித்தது அங்கேதான்.

வீட்டில் திருத்துகிறவர்கள் என்னதான் செய்கிறார்கள்? ஹெட்டுக்கு அடியில் மெல்லிய செம்புத் தகடு வளையங்கள் இருக்கும். 0.1 மில்லிமீட்டர் கணக்கில் ஒன்று சேர்த்தால் கம்ப்ரஷன் இறங்கும், எடுத்தால் ஏறும். நைட்ரோ அதிகமானால் கம்ப்ரஷனை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கலவை முன்கூட்டியே வெடித்து க்ளோ பிளக்கைத் தின்றுவிடும். இது திரும்பப் பெறக்கூடிய வேலை. அடுத்து கிராங்க். காற்று அதன் நடுத்துளை வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்தத் துளையின் ஓரங்களை வழவழப்பாக்குவார்கள், வளைவை எபாக்சி வைத்து நிரப்பி ஓட்டத்தைச் சீராக்குவார்கள். கடைசியில்தான் எக்ஸாஸ்ட் வாசல். அதை மேல்நோக்கி ராவினால் வாசல் சீக்கிரம் திறந்து தாமதமாக மூடும். உச்ச வேகத்தில் சக்தி கூடும். ஆனால் கீழ் வேகத்தில் குறையும். வளைவில் மெதுவாகித் திரும்பி எழும்ப வேண்டிய காருக்கு அது நஷ்டம். குழாயின் நீளத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். குரோமியப் பூச்சு ஓரத்தில் பெயர்ந்தால் எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

ராவி எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால்தான் பையனிடம், அரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். அட்டையில் 360 டிகிரி வரைந்து வெட்டி, கிராங்கில் மாட்டி, எந்த வாசல் எத்தனை டிகிரியில் திறக்கிறது, எத்தனையில் மூடுகிறது என்று எழுதினான். பிறகு தகடு வளையத்தை மட்டும் மாற்றி, மைதானத்தில் நேரம் பார்த்து, அதையும் எழுதினான். அரம் இன்னும் உறையைவிட்டு வெளியே வரவில்லை. அவனுக்கே அவசரம் போய்விட்டது.

எழுதி வைப்பது பேங்க்காரனின் புத்தி என்று சிரிக்கலாம். ஆனால் இந்த வரலாறு நமக்குக் கிடைத்ததே எழுதி வைத்ததால்தான். அமெரிக்காவில் கிளாரன்ஸ் லீ பத்திரிகைப் பத்தியில் வாசகர்களின் எஞ்சின் சந்தேகங்களுக்கு வருடக்கணக்கில் பதில் சொன்னார். பீட்டர் சின் ஒவ்வொரு புது எஞ்சினையும் பிரித்து அளந்து எழுதினார். யாரோ ஒருவர் சமையலறை மேஜையில் கண்டுபிடித்தது அடுத்த ஊர்க்காரனுக்குப் போய்ச் சேர்ந்தது.

நம்மிடமும் இந்த அறிவு இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், யெஸ்டி, ஆர்டி 350, பிறகு ஆர்எக்ஸ் 100 என்று டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் வாசல்களைக் கையால் ராவி, தகரத்தை வெட்டி ஒட்டிக் குழாய் செய்த மெக்கானிக்குகள் சந்துக்குச் சந்து இருந்தார்கள். காடனின் அதே கணக்கு, காதும் கைவிரலும்தான் கருவி. 1996-ல் புகை விதிகள் இறுகி ஆர்எக்ஸ் 100 நின்றது. அந்தக் கைகளுக்கும் வேலை குறைந்தது. அவர்களில் எத்தனை பேரின் அளவுகள் ஒரு நோட்டில் இருக்கின்றன? நம் வீடுகளில் பொறியியல் பட்டம் இல்லாத வீடு அபூர்வம். ஆனால் பட்டறைக்காரருக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்று பட்டம் வாங்கிய நாம் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. எனக்கு இதில் வருத்தம் அதுதான்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெத்தனால் விஷம். 2009-ல் இங்கே அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களையும், 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களையும் கொன்ற கள்ளச்சாராயத்தில் இருந்தது அதுவே. அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. எரிபொருளை வீட்டில் கலக்கவும் வேண்டாம், கலந்து விற்பதை வாங்கிப் பூட்டி வையுங்கள்.

இப்போது மாடல் கார் உலகத்தில் பெரும்பாலும் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும்தான். நைட்ரோவின் இடம் சுருங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரி முதல் 16 சதவிகிதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள எரிபொருளைப் பொதுமக்கள் தாராளமாக வாங்க முடியாது, வெடிபொருள் மூலப்பொருள் சட்டம் குறுக்கே நிற்கிறது. மறுபடியும் பாட்டில் வழி அடைபட்டது. போட்டிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? ஹெட்டின் வடிவத்தையும் கம்ப்ரஷனையும் குழாயையும் திருத்தி, 16 சதவிகிதத்திலேயே ஓட்டுகிறார்கள்.

ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் பழைய டூ ஸ்ட்ரோக் மெக்கானிக் யாராவது இருந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். எத்தனை மில்லிமீட்டர் ராவினார், ஏன் அங்கே நிறுத்தினார் என்று கேளுங்கள். மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.